அரசியலுக்கும் அறத்துக்கும் என்ன கணக்கு?

கேள்வி இதுதான்: "மாக்கியவெல்லிதான் அரசியலையும் அறத்தையும் பிரித்தவர், அதுவரை இரண்டும் ஒன்றாகவே இருந்தன என்கிறார்கள். நம் வள்ளுவரோ அறத்தை விட்டால் அரசியலே இல்லை என்றார் என்கிறார்கள். அரசியல் தத்துவத்தில் இந்த உறவை எப்படிப் புரிந்துகொள்வது? அறத்தோடு அரசியல் செய்ய முடியுமா?"

இரண்டு 'என்கிறார்கள்'களிலும் பாதிதான் உண்மை. சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசியலில் இறங்கியவர் சில நேரம் தவறு என்று தெரிந்தே ஒன்றைச் செய்ய வேண்டி வரும். இதை மறுத்த பெரிய சிந்தனையாளர்கள் குறைவு. செய்தபிறகு அந்தத் தவறு தவறாகவே நிற்கிறதா, 'நாட்டுக்காக' என்று சொன்னதும் கரைந்துபோகிறதா என்பதில்தான் சண்டையே. தவறாகவே நிற்கிறது என்பது என் கட்சி. அப்படியானால் அதன் கணக்கை யார் எழுதுகிறார், யாரிடம் காட்டுகிறார் என்று கேட்டாக வேண்டும். 'இளவரசன்' எழுதிய இத்தாலியச் சிந்தனையாளர் மாக்கியவெல்லியையும் இந்தப் பக்கம்தான் சேர்ப்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். சிலப்பதிகாரப் பதிகம் 'அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்' என்கிறது. அங்கே அரசியல் என்றால் அரசன் நடக்க வேண்டிய முறை. அதில் பிழைத்தவனுக்கு அறமே எமன். இன்று 'ஆபீஸில் அவன் அரசியல் பண்றான்' என்றால் குழி பறிக்கிறான் என்று பொருள். முறைக்குப் பெயராக இருந்த சொல் முறைகேட்டுக்குப் பெயராகிவிட்டது! புறநானூற்றின் 55ஆம் பாட்டில் மதுரை மருதன் இளநாகனார் பாண்டியன் நன்மாறனிடம், யானை, குதிரை, தேர், மறவர் என நாற்படையும் இருந்தாலும் 'அறநெறி முதற்றே அரசின் கொற்றம்' என்கிறார். எல்லாரும் மேற்கோள் காட்டுகிற வரி இது. எனக்கு அதைவிட அதற்கடுத்து வருவதுதான் பிடிக்கும்: 'நமர்எனக் கோல்கோடாது, பிறர்எனக் குணங்கொல்லாது'. நம்ம ஆள் என்று கோலை வளைக்காதே, வேற்றாள் என்பதற்காக அவனுடைய நல்ல குணத்தை இல்லாததாக்காதே. பொதுவாக அறம் அறம் என்று பேசுவது எளிது. இந்த இரண்டையும் செய்வதுதான் ஆட்சியில் உட்கார்ந்தவருக்குக் கடினம்.

சரி, வள்ளுவர். மேடையில் எடுத்துக்காட்டப்படும் வள்ளுவர் ஒருவர், பொருட்பாலில் இருக்கிற வள்ளுவர் இன்னொருவர். பொருட்பாலின் 70 அதிகாரங்களில் முதல் 25 அரசியல். அதிலே 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை நம்பிவிடாதே, இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார் என்கிறது 588ஆம் குறள். 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தின் முதல் குறள், ஒருவனைப் பணிக்கு எடுக்குமுன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கையும் கொண்டு சோதிக்கச் சொல்கிறது. இதற்குப் பரிமேலழகர் எழுதியிருக்கும் உரையைப் படித்தால் தூக்கிவாரிப் போடும். புரோகிதரையும் அறவோரையும் அவனிடம் அனுப்ப வேண்டும். அவர்கள் போய், 'இந்த அரசன் அறவோன் இல்லை, இவனை நீக்கிவிட்டு வேறொருவனை வைக்க எண்ணியிருக்கிறோம், எல்லாருக்கும் சம்மதம், நீ என்ன சொல்கிறாய்?' என்று சத்தியம் செய்து கேட்க வேண்டும். அவன் அறத்தில் உறுதியானவனா என்று பார்க்க அறவோர் வாயாலேயே ஒரு பொய்! இந்த நான்கு சோதனைகளும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் 'உபதா' என்ற பெயரில் அப்படியே இருக்கின்றன.

உயிர்க்கொலைக்கு வருவோம். 'தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை' என்பது அறத்துப்பாலில், கொல்லாமையில் வருகிறது. பொருட்பாலில் செங்கோன்மைக்குப் போனால், 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்'. கொடியவரைக் கொன்று தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பது போல என்கிறார் அதே ஆசிரியர். தன் உயிரே போனாலும் பிற உயிரை எடுக்காதே என்றவர்தான் இங்கே கையில் களைக்கொட்டைக் கொடுக்கிறார். முன்னது துறவிக்கு, பின்னது வேந்தனுக்கு என்று உரைகாரர் வழியில் சமாதானம் சொல்லலாம். சொன்னால், ஆளுக்கும் பதவிக்கும் ஏற்ப அறம் மாறும் என்று ஒத்துக்கொண்டதாகும். மாக்கியவெல்லி பிரித்தார் என்கிற பிரிவு இங்கேயே முளைவிட்டிருக்கிறது.

ஆனால் வள்ளுவர் ஓர் எல்லைக்கல் நடுகிறார். அமைச்சியலில், 'வினைத்தூய்மை' அதிகாரத்தில்: 'ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை'. பெற்ற தாய் பட்டினி கிடப்பதைப் பார்ப்பதைவிடப் பெரிய சாக்கு உலகத்தில் இல்லை. அந்தச் சாக்கையும் அவர் ஏற்கவில்லை. இந்தக் குறள் இல்லறத்தானுக்குச் சொல்லப்பட்டதில்லை, அமைச்சனுக்குச் சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள். 'சான்றோர் பழிக்கும்' என்ற அடைமொழியையும் கவனியுங்கள். எது கூடாத வினை என்பதை அமைச்சன் தானே தீர்மானித்துக்கொள்ள முடியாது. கணக்கு வேறொருவர் கையில் இருக்கிறது.

கிரேக்கர்களை ஒரு நடையில் கடந்துவிடலாம். அரிஸ்டாட்டிலுக்கு அறவியல் என்பதே அரசியல் என்னும் பெரிய கலையின் ஒரு பகுதி. நல்ல மனிதனை உருவாக்குவது நகரத்தின் வேலை. அவரே 'அரசியல்' நூலின் மூன்றாம் பகுதியில், நல்ல மனிதனும் நல்ல குடிமகனும் எப்போதும் ஒருவனாகவே இருக்க முடியுமா என்று கேட்டு, எல்லா நகரத்திலும் முடியாது என்கிறார். அவருக்கு முன்பே பிளேட்டோ, இலட்சிய நகரத்தைக் கட்ட ஓர் உயர்ந்த பொய் தேவை என்று எழுதிவிட்டார். ஆகவே 'முன்பு ஒன்றாக இருந்தன' என்பது அவ்வளவு சுத்தமான வரலாறு இல்லை.

இப்போது மாக்கியவெல்லி. அவர் பெயரில் உலவும் 'முடிவு நல்லதானால் வழி எதுவானாலும் சரி' என்ற வாசகம் அவர் நூல்களில் அந்த வடிவில் கிடையாது. அவர் எழுதியதைப் புரிந்துகொள்ள 1512இல் ஃபுளோரன்ஸ் நகரத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1498 முதல் 14 ஆண்டுகள் அந்தக் குடியரசில் செயலாளராக வேலை பார்த்தவர் அவர். அவருடைய தலைவர் பியேரோ சோதரினி, 1502இல் ஆயுட்காலத் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், நல்ல மனிதர். நகரத்தை முன்பு ஆண்ட மெதிச்சி குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவரத் துடித்தவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியும். அவர்களை அடக்கச் சட்டத்தை மீறிய அதிகாரம் வேண்டும். அப்படி மீறினால், நல்ல நோக்கத்தோடு மீறினாலும், மக்கள் மிரண்டுபோய் இனி அந்தப் பதவியையே யாருக்கும் தர மாட்டார்கள் என்று நினைத்தார். பொறுமையாலும் நற்குணத்தாலும் எதிரிகளை வென்றுவிடலாம் என்று நம்பினார். 1512 ஆகஸ்டில் ஸ்பானியப் படை பக்கத்து ஊரான பிராத்தோவில் புகுந்து சூறையாடியது. மாக்கியவெல்லி பாடுபட்டுத் திரட்டிய குடிமக்கள் படை அங்கே சிதறி ஓடியது. சோதரினி நகரத்தை விட்டு வெளியேறினார். குடியரசு போயிற்று, மெதிச்சிகள் வந்தார்கள். அடுத்த ஆண்டு மாக்கியவெல்லியைச் சதி வழக்கில் பிடித்து, கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கிச் சித்திரவதை செய்தார்கள். 'இளவரசன்' நூலை அந்த ஆண்டில்தான் எழுதுகிறார். அது அச்சேறியது 1532இல், அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து.

பிறகு லிவியின் ரோமானிய வரலாற்றை வைத்து எழுதிய 'சொற்பொழிவுகள்' நூலில் சோதரினியைப் பற்றிச் சொல்கிறார். சட்டத்தை மீறத் தயங்கிய அந்தத் தயக்கம் அறிவுள்ளது, நல்லது என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். அதன்பிறகுதான், ஒரு நன்மையைக் காப்பதற்காக, அந்த நன்மையையே விழுங்கிவிடக்கூடிய தீமையை ஓடவிடக் கூடாது என்கிறார். அறத்தைக் கேலி செய்கிற ஒருவர் இந்த முதல் வாக்கியத்தை எழுதமாட்டார். பழைய முதலாளியின் நற்குணத்தால் தன் ஊர் அழிந்ததைக் கண்ணால் கண்டு, அதற்காகத் தானும் கயிற்றில் தொங்கிய மனிதரின் பேச்சு இது. சோதரினி தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டார். அதற்கான விலையைக் கொடுத்தவர்களில் பிராத்தோவின் மக்களும் உண்டு. மாக்கியவெல்லி தரப்பின் வலுவான வாதம் இதுதான். அரசன் சிங்கமாகவும் நரியாகவும் இருக்க வேண்டும் என்ற அவருடைய பிரபலமான உவமையில் அது இல்லை.

அவருடைய இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். போப்பின் மகன் சேசரே போர்ஜியா இத்தாலியின் ரொமாஞ்ஞா பகுதியைப் பிடித்தபோது அங்கே ஒரே கொள்ளையும் குழப்பமும். ரெமிரோ தே ஓர்கோ என்ற கொடிய அதிகாரிக்கு முழு அதிகாரம் கொடுத்து அனுப்பினார். அவன் கடுமையாக நடந்து அமைதியைக் கொண்டுவந்தான், மக்கள் அவனை வெறுத்தார்கள். 1502 டிசம்பர் 26ஆம் தேதி காலையில், செசேனா ஊரின் சதுக்கத்தில் ரெமிரோவின் உடல் இரண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மரக்கட்டை, இரத்தம் தோய்ந்த கத்தி. மக்கள் நிறைவும் அடைந்தார்கள், திகைத்தும் போனார்கள் என்று எழுதுகிறார் மாக்கியவெல்லி. அவர் அப்போது தூதராக அந்த ஊரிலேயே இருந்தவர். எனக்கு இந்தக் கதையில் திகிலூட்டுவது கத்தி இல்லை. செய்த பாவத்தின் கணக்கை அப்படியே கீழே உள்ளவன் பேரில் எழுதி, அவனை வெட்டிப்போட்டு, கணக்கு முடிந்தது என்று காட்டிய சாமர்த்தியம். கீழதிகாரியை இடைநீக்கம் செய்துவிட்டு 'நடவடிக்கை எடுத்துவிட்டோம்' என்கிற செய்திக்குறிப்பை எங்கே படித்தாலும் எனக்கு செசேனா நினைவு வரும்.

'இளவரசன்' நூலின் எட்டாம் அத்தியாயத்தில் சிராகூஸ் நகரத்தின் கொடுங்கோலன் அகதோகிளீசைப் பற்றி அவர் எழுதுவதோடு இதை வைத்துப் பாருங்கள். குடிமக்களைக் கொன்று, நண்பர்களைக் காட்டிக்கொடுத்துப் பெறுவதைத் திறமை என்று சொல்ல முடியாது. அதனால் ஆட்சி கிடைக்கும், புகழ் கிடைக்காது என்கிறார். தீமையைத் தீமை என்றே அழைக்கிறார். 'சொற்பொழிவுகள்' நூலில், ரோமை நிறுவிய ரோமுலஸ் தம்பியைக் கொன்றதைப் பேசும்போது, செயல் அவனைக் குற்றம் சாட்டும், விளைவு அவனை மன்னிக்கும் என்கிறார். மன்னிப்பு என்ற சொல் வந்துவிட்டாலே குற்றம் இருந்தது என்றுதானே பொருள்? சிந்தனை வரலாற்றாசிரியர் ஐசையா பெர்லின் 1972இல் வெளியான ஒரு கட்டுரையில் வேறொரு வழியில் போகிறார். மாக்கியவெல்லி அரசியலை அறத்திலிருந்து பிரிக்கவில்லை, ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு அறங்களை, பழைய ரோமின் குடியறத்தையும் கிறித்தவ அறத்தையும், எதிரெதிரே நிறுத்தினார் என்பது பெர்லினின் வாசிப்பு. எனக்கு அது முக்கால்வாசி சம்மதம். மீதிக் கால்வாசியில், மாக்கியவெல்லிக்கே மனசு உறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

1919 ஜனவரி 28, ம்யூனிக். ஜெர்மனி போரில் தோற்று, முடியாட்சி விழுந்து, தெருவெல்லாம் புரட்சி. புரட்சித் தலைவர் ரோசா லக்ஸம்பர்க் கொல்லப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் மாணவர்களிடம் அரசியலைத் தொழிலாகக் கொள்வது பற்றிப் பேசுகிறார். அரசு என்பது வன்முறையை நியாயமாகப் பயன்படுத்தும் ஏகபோக உரிமையைக் கோருகிற அமைப்பு. அதில் கை வைக்கிறவன் பேய்ச் சக்திகளோடு ஒப்பந்தம் போடுகிறான் என்கிறார். இந்தப் பேச்சிலேயே நம் கௌடில்யர் வருகிறார். அர்த்தசாஸ்திரத்தின் முன்னால் மாக்கியவெல்லியின் 'இளவரசன்' ஒன்றும் அறியாப் பிள்ளை என்கிறார் வேபர். மைசூரில் ஆர். சாமசாஸ்திரி அந்தச் சுவடியை நூலாகப் பதிப்பித்தது 1909இல். பத்து ஆண்டுகளுக்குள் அது ம்யூனிக் மேடைக்கு வந்துவிட்டது.

வேபரின் புகழ்பெற்ற பாகுபாடு, கொள்கையின் அறம், பொறுப்பின் அறம் என்பது. முதலாமவர் சரியானதைச் செய்வார்; விளைவு கெட்டால் உலகத்தின் மேல், மற்றவர்களின் முட்டாள்தனத்தின் மேல், கடவுளின் மேல் பழியைப் போடுவார். இரண்டாமவர், மனிதர்கள் குறையுள்ளவர்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, வரக்கூடிய விளைவுக்குத் தாமே பொறுப்பேற்பார். வேபரைப் பாதியோடு நிறுத்திவிட்டுப் 'பொறுப்பு என்றால் சமரசம்' என்று எழுதுகிறவர்கள் நிறைய. கடைசியில் அவர், பொறுப்பின் அறத்தைப் பின்பற்றும் முதிர்ந்த மனிதனும் ஓரிடத்தில் 'இதற்கு மேல் என்னால் முடியாது, இங்கே நிற்கிறேன்' என்று நின்றுவிடுவது தன் மனத்தைத் தொடுவதாகச் சொல்லி, இரண்டு அறங்களும் சேர்ந்தால்தான் அரசியல் தகுதியுள்ள மனிதன் என்று முடிக்கிறார்.

அமெரிக்க அரசியல் தத்துவவாதி மைக்கேல் வால்சர் 1973இல் 'அழுக்கான கைகள்' என்ற பிரச்சினையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வியட்நாம் போர்க்காலம். இன்றைய விவாதத்தில் பெரும்பகுதி அதிலிருந்து கிளைத்தது. அவர் தரும் உதாரணத்தில், தேர்தல் பிரசாரத்தில் சித்திரவதையைக் கடுமையாக எதிர்த்துப் பேசிவிட்டு வென்ற தலைவர் ஒருவர் இருக்கிறார். நகரக் குடியிருப்புகளில் குண்டுகள் வைக்கப்பட்டிருக்கின்றன, இடம் தெரிந்தவன் பிடிபட்டிருக்கிறான். தலைவர் சித்திரவதைக்கு உத்தரவிடுகிறார். வால்சர் சொல்வது: அவர் செய்தது அந்தச் சூழலில் சரியாகவும் இருக்கலாம், ஆனாலும் அவர் குற்றவாளிதான். அந்தக் குற்றவுணர்வு அவரிடம் இருப்பதுதான் அவர் நல்ல மனிதர் என்பதற்கு அடையாளம். குற்றவுணர்வே இல்லாதவர் அந்த நாற்காலிக்கு ஆபத்தானவர். (இந்தக் குண்டு உதாரணத்தை வைத்துக்கொண்டு, குண்டும் இல்லாமல் எதுவும் இல்லாமல், காவல் நிலையங்களில் நடக்கிற அடியை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. வால்சர் எழுதியது அவர்களுக்கு எதிராக என்றுதான் நான் படிக்கிறேன்.)

அதே கட்டுரையில் அவர் மூன்று பேரை ஒப்பிடுகிறார். மாக்கியவெல்லியின் இளவரசன் செய்துவிட்டுப் போகிறான், அவன் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. வேபரின் தலைவன் உள்ளுக்குள் வேகிறான், ஆனால் யாருக்கும் விலை கொடுப்பதில்லை. மூன்றாவது, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1949இல் நாடகமாக்கிய ரஷ்யப் புரட்சிக்காரன் கலியாயெவ். 1905 பிப்ரவரியில் மாஸ்கோவில் இளவரசர் செர்கேயின் வண்டிமேல் குண்டு வீசப் போனவன், உள்ளே குழந்தைகள் இருந்ததைப் பார்த்துத் திரும்பிவிட்டான். இரண்டு நாள் கழித்து இளவரசர் குழந்தைகள் இல்லாமல் வந்தபோது வீசினான். தூக்கை ஏற்றான். வால்சருக்கு மூன்றாமவனே பிடிக்கிறது. ஆனால் அவரே கேட்கிறார்: ஆட்சியில் இருப்பவனை யார் தண்டிப்பது? அவனுக்குத் தூக்குமேடை கட்ட யாரும் இல்லையே.

தமிழ் படித்த எவருக்கும் இங்கே பாண்டியன் நெடுஞ்செழியன் நினைவு வரும். 'யானோ அரசன் யானே கள்வன்' என்று தீர்ப்பெழுதி, 'கெடுகஎன் ஆயுள்' என்று தண்டனையையும் தானே நிறைவேற்றிக்கொண்டவன். ஆனால் அவசரப்பட்டு அவனை வால்சரின் பட்டியலில் சேர்க்கக் கூடாது. பாண்டியன் தெரிந்தே கையை அழுக்காக்கிக்கொள்ளவில்லை. விசாரிக்காமல் விட்டான். பொற்கொல்லன் சொன்னதை நம்பிக் கொலைக்கு ஆணையிட்டான். அது தேர்வு இல்லை, அலட்சியம். அரசியலில் நடக்கும் கொடுமைகளில் பெரும்பங்கு இந்த வகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குண்டு எங்கே என்று தெரியாமல் தவிக்கிற தலைவர்கள் அபூர்வம், கோப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஏராளம். தத்துவ நூல்கள் முன்னவரைப் பற்றியே எழுதுகின்றன. இளங்கோ பின்னவரைப் பற்றி எழுதினார்.

ஆளுகிறவர் தாமாக முன்வந்து உயிர்விடுவார் என்று காத்திருக்க முடியாது. அதனால்தான் கேள்வி மனிதரிடமிருந்து அமைப்புக்கு நகர்ந்தது. இமானுவேல் கான்ட் 1795இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய சிறுநூலின் பின்னிணைப்பில் ஒரு சோதனை தருகிறார். பிறருடைய உரிமையைத் தொடுகிற ஒரு செயலின் கொள்கையை வெளியே சொல்ல முடியாது என்றால், சொன்ன உடனே காரியம் கெட்டுவிடும் என்றால், அந்தச் செயல் அநீதி. எளிமையான சோதனை, ஆனால் முழுமையானதில்லை. போதிய பலம் உள்ளவன் எதையும் மறைக்க வேண்டியதில்லை, பட்டப்பகலில் செய்வான் என்று கான்டே ஒத்துக்கொள்கிறார்.

இந்தச் சோதனைக்கு அண்மைய உதாரணம் தேர்தல் பத்திரங்கள். 2017 பட்ஜெட்டில் அறிவித்து, 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திட்டம். வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குத் தரலாம், யார் யாருக்குத் தந்தார் என்பது வாக்காளருக்குத் தெரியாது. நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்றிருந்த வரம்பும் எடுக்கப்பட்டது. அரசு சொன்ன நியாயம், கொடுப்பவரின் தனியுரிமை: பெயர் தெரிந்தால் எதிர்க்கட்சிக்காரர் பழிவாங்குவார். இது தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. இரகசிய வாக்கெடுப்பும் இதே நியாயத்தில்தானே நிற்கிறது? வித்தியாசம் எங்கே என்றால், இரகசிய வாக்கு பலமில்லாதவனைப் பலமுள்ளவனிடமிருந்து மறைக்கிறது. இரகசிய நன்கொடை பலமுள்ளவனை எல்லாரிடமிருந்தும் மறைக்கிறது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தபோது, வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை அடிப்படையாகக் காட்டினார்கள்.

நீதிமன்றம் கடைசிப் படிதான். அதற்கு முன்னால் நிற்க வேண்டியதை அம்பேத்கர் அரசியலமைப்பு அறம் என்றார். 1948 நவம்பர் 4, அரசியல் நிர்ணய சபை. கிரேக்க வரலாற்றை எழுதிய ஆங்கிலேயர் ஜார்ஜ் குரோட்டை மேற்கோள் காட்டி, அது இயற்கையாக வரும் உணர்வு இல்லை, வளர்க்கப்பட வேண்டியது, நம் மக்கள் இன்னும் அதைக் கற்கவில்லை என்கிறார். அவர் எதற்காக அதைச் சொன்னார் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அரசியலமைப்பில் நிர்வாக விவரங்களை ஏன் இவ்வளவு திணித்திருக்கிறீர்கள் என்ற குறைக்குப் பதிலாகச் சொன்னார். சட்டத்தின் உருவத்தை மாற்றாமலே, நிர்வாகத்தின் உருவத்தை மட்டும் மாற்றி அதைச் சீரழிக்க முடியும். ஆகவே விவரங்களையும் எழுதி வைத்துவிடுவதே பாதுகாப்பு. ஆளப்போகிறவர்களின் நல்ல மனத்தை நம்பாமல் எழுதப்பட்ட நூல் அது. மாக்கியவெல்லியின் மனித மதிப்பீட்டோடு, அவருக்கு நேர் எதிரான ஒரு வேலை நடந்திருக்கிறது.

மக்களாட்சியில் நாமும் பாதி அரசர்கள் என்பதால், கணக்கில் நம் பெயரும் ஏறுகிறது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2019இல் வேலூர் என்று பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ரத்தான தொகுதிகளில், கொடுத்தவர்களைப் பற்றிப் பேசிய அளவு வாங்கியவர்களைப் பற்றிப் பேசவில்லை. பேசியவர்களும் ஏழையின் ஒழுக்கத்தைப் பற்றித்தான் பேசினார்கள். தாயின் பசியைக் காட்டியும் தப்ப முடியாது என்று வள்ளுவர் மறித்தது அமைச்சனை. அந்தக் குறளை வாக்காளர் தலையில் கட்டுவது நியாயமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

பல்கலைக்கழக வட்டாரத்தில் இன்று நடக்கும் வாதம் இதிலிருந்து கொஞ்சம் தள்ளி நடக்கிறது. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல், உண்மை எப்படிச் சிந்தனைக்கோ அப்படி நீதி சமூக அமைப்புகளுக்கு முதல் குணம் என்று தொடங்கினார். ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ், முதலில் அறநூல் எழுதி அதை அரசியலுக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் தவறு, ஒழுங்கு, பாதுகாப்பு, ஆளப்படுபவருக்குச் சொல்லத்தக்க நியாயம் ஆகியவற்றில் தொடங்க வேண்டும் என்றார். ஆளப்படுபவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவரும் வந்து நிற்பதால், எனக்கு இந்தச் சண்டை வெளியே தெரிவதைவிடச் சிறியது என்று படுகிறது.

'அறத்தோடு அரசியல் செய்ய முடியுமா' என்ற கடைசிக் கேள்விக்கு ஒரு மனிதரை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். 1909இல் 'இந்து சுயராஜ்யம்' நூலில் காந்தி, வழி விதை, முடிவு மரம் என்று எழுதினார். 1922 பிப்ரவரி 4இல் கோரக்பூர் மாவட்டம் சௌரி சௌராவில் அது சோதனைக்கு வந்தது. ஒத்துழையாமை ஊர்வலத்தின் மேல் காவலர்கள் சுட்டார்கள், சிலர் இறந்தார்கள். கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. 20க்கும் மேற்பட்ட காவலர்கள் மாண்டார்கள். குஜராத்தின் பர்தோலியில் வரிகொடா இயக்கத்தைத் தொடங்க வைஸ்ராய்க்குக் கடிதமே எழுதிவிட்டிருந்த காந்தி, நாடு முழுவதும் இயக்கத்தை நிறுத்தினார். லக்னோ சிறையில் இருந்த நேருவுக்கு ஆத்திரம். எங்கோ ஒரு மூலையில் ஒரு கூட்டம் செய்ததற்காக ஒரு தேசத்தின் போராட்டத்தை நிறுத்துவதா, முப்பது கோடிப் பேருக்கும் அகிம்சையில் பயிற்சி கொடுத்து முடித்த பிறகுதான் நகர முடியுமா என்று பின்னால் தன்வரலாற்றில் கேட்டார்.

வேபரின் பாகுபாட்டில் காந்தியை எங்கே வைப்பது? பலரும் கொள்கைப் பக்கம் வைப்பார்கள். நான் அப்படி வைக்க மாட்டேன். கொள்கைக்காரர் என்றால், நான் அகிம்சைதான் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை என்று பழியைத் தள்ளியிருப்பார். காந்தி ஐந்து நாள் உண்ணாநோன்பு இருந்தார். மார்ச் 18இல் ஆமதாபாத்தில் நீதிபதி புரூம்ஃபீல்டு முன்னால், சௌரி சௌராவின் கொடிய குற்றங்களிலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ள முடியாது என்றார், உச்சபட்சத் தண்டனையைக் கேட்டார். கணக்கைத் தன் பேரில் எழுதிக்கொண்ட தலைவர். வால்சர் தேடிய ஆள் கிடைத்துவிட்டார் என்று இங்கே முடித்துவிடலாம்தான்.

ஆனால் வழக்கு இன்னொன்றும் நடந்தது. சௌரி சௌரா ஊர்க்காரர்கள் 225 பேர்மேல். பெரும்பாலும் உழவர்கள், காந்தியின் பெயரைச் சொல்லித் தெருவுக்கு வந்தவர்கள். 1923 ஜனவரியில் கீழ் நீதிமன்றம் 172 பேருக்குத் தூக்கு விதித்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை 19 ஆகக் குறைத்தது. ஜூலையில் 19 பேரையும் தூக்கிலிட்டார்கள். ஆறாண்டுத் தண்டனை பெற்றிருந்த காந்தி, குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, 1924 பிப்ரவரியில் விடுதலையானார்.